மாதாவின் முகத்தில் சுவர்ப் பெயின்ற்

மாதாவின் முகத்தை அழித்தவன் நான். திரும்பப் பூசியவனும் நான்தான். பதின்மூன்று வருடமாக இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. அங்கே சொல்வதைச் சுவாமிமார் வெளியே விடமாட்டார்கள் என்கிறார்கள். விடமாட்டார்கள் என்று யார் கூடப் போய்ப் பார்த்தது?

இப்போது சொல்லக் காரணம், சென்ற ஒக்டோபரில் ஒரு மெசின் அதைப் பிடித்துவிட்டது.

எங்கள் கோயில் மொன்றியல் துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. கொண்டெய்னர் லொறி போனால் யன்னல் கண்ணாடி அதிரும். இத்தாலிக்காரர் கட்டிய கோயில். அவர்கள் செத்தும் வேறு இடம் போயும் குறைந்துவிட, ஞாயிறு பின்னேரப் பூசைக்கு எங்களுக்குத் தந்தார்கள். வலதுபக்கப் பீடத்தில், பலகையில் வர்ணத்தால் கீறிய மாதா படம் ஒன்று இருந்தது. மடியில் குழந்தை இயேசு. எந்தக் காலத்திலோ ஒரு இத்தாலிச் சுவாமி கப்பலில் கொண்டுவந்ததாம். எங்கள் பெண்கள் வரும்வரைக்கும் அதை ஒருவரும் கவனித்ததில்லை.

ஊரில் அந்தோனியார் சுரூபத்தின் காலில் எண்ணெய் பூசி, அந்த எண்ணெயைத் தொட்டெடுத்து நோயாளிக்குத் தடவுவோம். சுரூபம் சீமெந்தால் செய்தது. எண்ணெயால் அதற்கு ஒன்றும் ஆகாது. இங்கே அதே வேலையை இந்தப் படத்துக்குச் செய்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மாதாவின் கன்னத்தில் தேங்காயெண்ணெய். புருசனுக்கு வேலை போனால் தேங்காயெண்ணெய். ஞானாம்பிகை என்று ஒருத்தி, அவள் இந்து, அவளும் வெள்ளிக்கிழமைகளில் ஒரு சின்னப் போத்தலோடு வந்துவிடுவாள். அதற்கு மேல் மெழுகுதிரிப் புகை. ஐந்தாறு வருடத்தில் மாதாவின் முகம் தோசைக்கல் மாதிரி ஆகிவிட்டது.

கோயில் கதவுத் திறப்பு என்னிடம்தான் இருக்கும். தொழில், வீடுகளுக்குப் பெயின்ற் அடிப்பது. சமையலறைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் என்ன செய்வதென்று எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. 2012இல் உயிர்த்த ஞாயிறு முடிந்த செவ்வாய்க்கிழமை, மத்தியானம், பெயின்ற் கடையில் விற்கும் சுவர் கழுவும் தூளைச் சுடுதண்ணீரில் கரைத்து, ஸ்பொஞ்சில் தோய்த்து, மாதாவின் முகத்தைக் கழுவினேன்.

முதல் இழுவையில் கறுப்பு வந்தது. சரி என்று நினைத்தேன். இரண்டாவது இழுவையில் மாதாவின் கன்னம் வந்தது.

ஸ்பொஞ்சைப் பார்க்கிறேன், இளஞ்சிவப்பாக இருக்கிறது. படத்தைப் பார்க்கிறேன், ஒரு கண் இல்லை. துடைக்கத் துடைக்க இன்னும் வந்தது. நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை. பிழை விட்டவன் அதைச் சரிக்கட்டப் போய் இன்னொரு பிழை விடுவான், நான் அந்தச் சாதி. கடைசியில் முகம் முழுக்கப் போய்விட்டது. போன இடத்தில் பலகை இல்லை. இன்னொரு கண் இருந்தது. அழிந்ததைவிட ஒரு விரலளவு கீழே, கொஞ்சம் பெரிய கண். அது குழந்தையைப் பார்க்கவில்லை. நேரே என்னைப் பார்த்தது.

என் வேலை வானுக்குள் மிச்சப் பெயின்ற் தகரங்கள் கிடந்தன. கர்க்லாண்டில் ஒரு டொக்டர் வீட்டுச் சாப்பாட்டறைக்கு அடித்த வெளிர் நிறம், இன்னொரு வீட்டுக் கதவுக்கு அடித்த மண்ணிறம், வெள்ளை. கலந்தேன். எனக்குக் கீறத் தெரியாது. ஆனால் கீழே கோடு தெரிந்தது. கண் எங்கே, மூக்கு எங்கே, வாய் எங்கே என்று அந்தக் கோட்டோடு போனேன். இரண்டு மத்தியானம் வேலை. முடித்துப் பார்த்தால் பழுதில்லை. முந்தி மாதா குனிந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தா. இப்போது முன்னால் முழந்தாளில் நிற்கிற ஆளைப் பார்த்தா. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த அவ்வளவுதான் என் வீட்டில் என்ன செய்தது என்று சொல்ல வேண்டும்.

என் மனைவி புஷ்பராணி 2006இல் கனடா வந்தாள். மகன் அனுஜன் வரவில்லை. அவனையும் சேர்த்துக் கூப்பிட்டிருக்கலாம். பத்திரம் நிரப்பித் தருகிறேன் என்று வந்த ஆளை நான் நம்பவில்லை. என் கையெழுத்தை வாங்கி வேறெதற்கும் பாவிப்பான் என்று ஒரு வருடம் அந்தப் பத்திரத்தை மேசை லாச்சிக்குள் வைத்திருந்தேன். கடைசியில் கொடுத்த நேரம் மகனுக்கு இருபத்திரண்டு முடிந்து நாலு மாதம். வயது கடந்துவிட்டது, பிள்ளை என்ற வரிசையில் வரமாட்டான் என்று எழுதிவிட்டார்கள். புஷ்பராணி அவனை விடத்தல்தீவில் தன் தமையனோடு விட்டுவிட்டு வந்தாள். வர விருப்பமில்லாமல் வந்தாள். நான்தான் போனில் அலுப்புக் கொடுத்தேன். 2008இல் ஊர் முழுக்க இடம்பெயர்ந்தது. ஓடி ஓடிக் கடைசியில் முள்ளிவாய்க்கால். 2009 மே மாதத்துக்குப் பிறகு மகனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மூன்று வருடம் அவள் சாப்பிட்டாள் என்று சொல்ல முடியாது. சீப்பெடுத்துத் தலை இழுக்கமாட்டாள். பகலில் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். அந்த 2012 மாசியில் இரவிச்சந்திரன் என்று ஒருவன், முகாமிலிருந்து வெளியேறி ரொறன்ரோவுக்கு வந்தவன், என்னைத் தேடி வந்து அனுஜன் செத்ததைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னான். நான் யாரையும் இலேசில் நம்புகிறவன் இல்லை. அவனைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். நம்பாமல் இருக்க வழியில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டும், தவக்காலம் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டிருந்தேன்.

தவக்காலம் முடிந்து, நான் முகம் பூசி, அடுத்து வந்த ஞாயிறு அவளைக் கைபிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். எல்லாரும் மாதா வெளிச்சு வந்திருக்கிறா என்றார்கள். தூசு தட்டினேன் என்று சொன்னேன். புஷ்பராணி மட்டும் அசையாமல் நின்றாள்.

"இஞ்சேருங்கோ, மாதா என்னைப் பாக்கிறா."

"எல்லாரையும்தான் பாக்கிறா. வா."

"இல்லை. முந்திப் பாக்கேல்லை. இப்ப என்னைப் பாக்கிறா. பிள்ளை இருக்கிறான் எண்டு சொல்லுறா."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு போட்டுச் சாப்பிட்டாள். நான் வாயை மூடிக்கொண்டேன். பிறகு ஒரு கார்டெரியில், சின்னப் பிள்ளைகளைப் பகலில் பராமரிக்கிற இடத்தில், சமைக்கும் வேலைக்குப் போனாள். கார்த்திகையில் செத்தவர்களுக்கான பூசைக்குப் பெயர் எழுதிக் கொடுப்போம்; அவள் தாய் தகப்பன் பெயரை எழுதுவாள், போரில் செத்த தமையன் பெயரை எழுதுவாள், அனுஜன் பெயரை எழுதவிடமாட்டாள். மே மாத நினைவுகூரலுக்குப் போகமாட்டாள். "என்ரை பிள்ளைக்கு ஏன் விளக்குக் கொளுத்துறது?" என்பாள். பதின்மூன்று வருடம் அவளை எழுப்பி நடத்தியது அந்த முகம். டொக்டர் வீட்டுச் சாப்பாட்டறைப் பெயின்ற்.

போன வருடம் கோயிலை விற்கப்போகிறார்கள் என்று கதை அடிபட்டது. சாமான்களை எழுதி எடுக்க ஒரு வெள்ளைக்காரர் வந்தார். மாதா படத்தைச் சுவரிலிருந்து கழற்றிப் பின்பக்கத்தைப் பார்த்தார். முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தைத்தான் கனநேரம் பார்த்தார். பலகை ஐந்நூறு வருடப் பழசாக இருக்கலாம், சோதிக்க வேண்டும் என்றார். புவாண்ட்-கிளேரில் இப்படிப் படங்களுக்கு எக்ஸ்ரே எடுக்கிற இடம் ஒன்று இருக்கிறதாம்.

எங்கள் பங்குச் சுவாமி நீக்கிலாப்பிள்ளைக்குச் சந்தோசம். "பெரிய ஓவியர் ஒருத்தற்றை கைவேலையெண்டால் கோயிலை விக்க யோசிப்பினம், கிறிஸ்தோப்பர்" என்றார் என்னிடம். புஷ்பராணி ஒரே பிடி. "மாதாவைத் தனிய அனுப்பேலாது. நானும் போறன்."

அதனால் மூன்று பேரும் போனோம்.

அந்த இடம் பார்வைக்குக் களஞ்சியம் மாதிரி. உள்ளே ஆஸ்பத்திரி மாதிரி. மெசின் நடத்துகிறவள் ஒரு தமிழ்ப் பிள்ளை, பெயர் கிரிஜா. தகப்பன் சென்னையிலிருந்து வந்து இங்கே கல்லூரியில் படிப்பிக்கிறவர். எடுத்த எடுப்பில் சிரித்தாள். சிரித்துக்கொண்டு வருகிற ஆட்களை எனக்குச் சரிவராது.

"வாங்க ஆன்ட்டி, வாங்க அங்கிள். ஃபாதர், இந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துக்கலாம். ஸ்க்ரீன்ல எல்லாமே தெரியும்."

"மாதாவுக்கு நோகுமோ பிள்ளை?" என்று புஷ்பராணி கேட்டாள்.

"ஒண்ணும் ஆகாது ஆன்ட்டி. தொடக்கூட மாட்டோம்."

சுவாமிக்குப் பகிடி விடாவிட்டால் பத்தியப்படாது. "கிறிஸ்தோப்பருக்கும் ஒரு எக்ஸ்ரே எடும் பிள்ளை. உள்ளுக்கை என்ன இருக்கெண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

"கொழுப்புத்தான் சுவாமி" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் கிரிஜாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பூதக்கண்ணாடி ஒன்றால் மாதாவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு என் விரல்களைப் பார்த்தாள். நகத்துக்குள் எப்போதும் பெயின்ற் இருக்கும்.

"அங்கிள் என்ன வேலை பார்க்கறீங்க?"

"அங்கை இங்கை" என்றேன்.

எக்ஸ்ரேயைத் துண்டு துண்டாக எடுத்தாள். ஒவ்வொன்றையும் கொம்பியூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தினாள். முதலில் பலகையின் ரேகை, புழு அரித்த ஓட்டை, ஆணிகள். பழைய காலத்தில் வெள்ளை நிறத்தை ஈயத்தில் செய்தார்களாம். எக்ஸ்ரே ஈயத்துக்குள்ளால் போகாது, அதனால் எங்கெங்கே பழைய வெள்ளை பூசியிருக்கிறதோ அங்கங்கே வெளிச்சமாகத் தெரியும் என்றாள். நான் தலையாட்டினேன். ஈயப் பெயின்ற் எனக்குத் தெரியாததா? பழைய வீடுகளில் அதைச் சுரண்ட வாய்க்குத் துணி கட்ட வேண்டும்.

முகத் துண்டு வந்தது. ஒரு பெண்ணின் முகம், சிதைந்து, அரைவாசி இல்லாமல். ஒரு கண் மட்டும் முழுசாக. பிறகு மடித் துண்டு வந்தது.

கிரிஜா கையை எடுத்துவிட்டாள். சிரிப்பும் நின்றுவிட்டது.

மடியில் குழந்தை மெல்லிய நிழலாகத்தான் தெரிந்தது. அதற்குக் கீழே ஒரு நீண்ட உடம்பு கிடந்தது. விலா எலும்புகள். மடியால் வழிந்து கீழே தொங்குகிற ஒரு கை. வளர்ந்த ஆம்பிளையின் கை, உள்ளங்கை விரிந்தபடி.

சுவாமி சிலுவை போட்டுக்கொண்டார். "வியாகுல மாதா" என்றார். "சிலுவையாலை இறக்கின மகனை மடியிலை வைச்சிருக்கிறா."

"ஆமா ஃபாதர். முதல்ல இதுதான் வரைஞ்சிருக்காங்க. அப்புறம் நூறு, நூத்தம்பது வருஷம் கழிச்சு வேற யாரோ மேல குழந்தையப் போட்டு மாத்தியிருக்காங்க. வீட்ல மாட்ட சோகமா இருக்குன்னு நினைச்சாங்களோ என்னமோ, இது என் ஊகம்தான். முகத்தையும் மாத்தியிருக்கணும், முக்காடு, கழுத்து ரெண்டும் குழந்தையப் பார்க்கக் குனிஞ்ச மாதிரி இருக்கு." கிரிஜா கொஞ்சம் தயங்கினாள். "ஆனா இப்ப மேல இருக்கற முகம் குனியல. அதுதான் எனக்குப் புரியல. நாளைக்கு முகத்தை மட்டும் இன்னொரு மெஷின்ல ஸ்கேன் பண்றேன். எந்த நிறத்துல என்ன உலோகம் இருக்குன்னு சொல்லிடும்."

புஷ்பராணி திரையில் அந்தத் தொங்குகிற கையைப் பார்த்தபடி இருந்தாள். காரில் ஏறி நெடுஞ்சாலைக்கு வந்தபிறகுதான் வாய் திறந்தாள்.

"கீழை இருக்கிறது வேறை ஆள்."

"ஓம்."

"எங்கடை மாதா மேலை இருக்கிறா. மேலை இருக்கிறவதான் என்னைப் பாத்தவ. கீழை இருக்கிறவ இல்லை."

"ஓம் எண்டுதானே சொல்லுறன்."

"நீங்கள் ஏன் கத்துறியள்?"

நான் கத்தவில்லை. கத்தினேனோ தெரியாது.

பெயின்ற் தகரத்தில் என்ன எழுதியிருக்கும் என்று நாற்பது வருடமாகப் பார்க்கிறேன். இங்கே பிரெஞ்சில் டித்தான் என்று இருக்கும். ஈயத்தைத் தடைசெய்த பிறகு எல்லா வெள்ளையும் டைட்டேனியம்தான். மெசின் உலோகத்தைப் பார்க்குமென்றால் அதைத்தான் பார்க்கும். அதைக் கண்டால் அந்தப் பிள்ளை சொல்லிவிடும். மேலே இருக்கிற மாதா யாருமில்லை, தன் புருசனின் பிறஷ் என்று புஷ்பராணிக்குத் தெரிந்தால், பிறகு அவள் எழும்பமாட்டாள். எனக்கு அந்தப் பயம்தான். கோயில் விற்றால் விற்கட்டும், என்னைப் பொலிஸ் பிடித்து மறியலில் போட்டால் போடட்டும்.

அடுத்த நாள் காலை அவளுக்குப் பொய் சொன்னேன். "அந்தப் பிள்ளைக்குச் சுகமில்லையாம். இண்டைக்கு ஒண்டும் இல்லையாம். பேந்து சொல்லுவினம்." வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நேரே புவாண்ட்-கிளேருக்கு ஓட்டினேன்.

கிரிஜா தனிய இருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெசின் மாதாவின் முகத்துக்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருந்தது. நெற்றியில் ஒரு சிவப்புப் புள்ளி.

"பிள்ளை, அதை நிப்பாட்டும்."

"அங்கிள்? என்னாச்சு?"

"நிப்பாட்டும் எண்டுறன். உமக்குத் தேவையானதை நான் சொல்லுறன்."

சொன்னேன். எண்ணெய், தூள், ஸ்பொஞ்சு, தகரம் எல்லாம். அவள் கோபப்படுவாள் என்று பார்த்தேன். அவள் கதிரையை இழுத்து என்னை இருக்கச் சொன்னாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

"கீழ் முகம் எவ்வளவு போச்சு, தெரியுமா அங்கிள்?"

"ஸ்பொஞ்சு மூண்டு மாத்தினனான்."

கண்ணை மூடித் திறந்தாள். "ஐந்நூறு வருஷம் அங்கிள். தீ, ஈரம், கப்பல் பயணம், எல்லாத்தையும் தாண்டி வந்திருக்கு."

"எனக்கு விளங்குது. அதை விடும். என்ரை மனுசிக்குச் சொல்லக்கூடாது. அதுதான் கேக்கிறன்."

ஏன் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். மகனைப் பற்றி, அந்தப் பார்வையைப் பற்றி. இரவிச்சந்திரன் சொன்னதைப் பற்றியும் சொன்னேன். வாய் திறந்தால் நிற்காது போல. முன்பின் தெரியாத ஒரு சென்னைப் பிள்ளைக்கு, பெற்றவளுக்குச் சொல்லாததைச் சொன்னேன்.

"ரிப்போர்ட்ல எழுதாம இருக்க முடியாது அங்கிள். அது என் வேலை. ஆனா ஆன்ட்டிகிட்ட நானாப் போய்ச் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

"எப்ப சொல்லுறது எண்டு எனக்குத் தெரியும்."

"பதிமூணு வருஷமா தெரிஞ்சுதானே இருக்கு" என்றாள்.

பதில் சொல்ல வாயெடுத்தேன், வாசல் மணி அடித்தது. சுவாமி நின்றார். அவருக்குப் பின்னால் புஷ்பராணி, குளிர்ச்சட்டை பொத்தான் பூட்டாமல்.

"பிள்ளைக்குச் சுகமில்லையெண்டு சொன்னியள்" என்றாள் என்னிடம். "அந்தப் பிள்ளைக்காகச் செபிக்கச் சொல்லிச் சுவாமிக்குப் போன் எடுத்தனான். சுவாமி எப்பிடி இருக்கெண்டு இஞ்சை கேட்டால், அது காலமை ஆறு மணிக்கே வேலைக்கு வந்திட்டுதாம்."

சுவாமி நிலத்தைப் பார்த்தார். கிரிஜா திரையை மறைக்கக் கை நீட்டினாள், பிறகு இழுத்துக்கொண்டாள். அது எனக்கு நினைவிருக்கிறது. அவள் மறைக்கவில்லை.

ஸ்கேன் முடிந்த பகுதி திரையில் இருந்தது. எங்கும் கறுப்பு. கறுப்புக்கு நடுவில் மாதாவின் முகம் மட்டும் வெள்ளையாக, வெட்டி ஒட்டின மாதிரி. குழந்தை இல்லை, முக்காடு இல்லை, பலகை இல்லை. பெருநாளுக்குப் போடுகிற காகித முகமூடி மாதிரி இருந்தது.

"இது என்ன?" என்று புஷ்பராணி கேட்டாள்.

சுவாமி கண்ணாடியைப் போட்டுத் திரையின் மேல் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தார். "டைட்டேனியம். அது என்ன பிள்ளை, நல்ல சாமானோ?"

கிரிஜா என்னைப் பார்த்தாள்.

"பெயின்ற்" என்றேன். "சுவருக்குப் பூசிறது. நான் பூசினது."

"நீங்களோ?"

"நான்தான். எண்ணெய்க் கறுப்பு எடுக்கக் கழுவினனான். முகம் கழண்டு வந்திட்டுது. வானுக்குள்ளை கிடந்த பெயின்ற்றை எடுத்துப் பூசினனான்."

"கிறிஸ்தோப்பர்!" என்றார் சுவாமி.

புஷ்பராணி சுவாமியைத் திரும்பிப் பார்க்கவில்லை. "எப்ப?"

"உயிர்த்த ஞாயிறு முடிஞ்ச கிழமை. பன்னிரண்டாம் ஆண்டு."

அவள் எண்ணிப் பார்த்தாள். உதடு அசைந்தது. எந்த ஞாயிறு, எந்தக் கிழமை என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"கண்? கண்ணையும் நீங்களோ கீறினது?"

"எனக்கு எங்கை கீறத் தெரியும்? கீழை ஒரு கண் கிடந்தது. அந்தக் கோட்டிலைதான் போனனான்."

பக்கத்துத் திரையில் முதல் நாள் எடுத்த எக்ஸ்ரே இருந்தது. அவள் அதற்குக் கிட்டப் போனாள். அந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்தாள். பிறகு மடியைப் பார்த்தாள், தொங்குகிற கையைப் பார்த்தாள். மெசின் அங்கே ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப என்னைப் பாத்தது இவதான்" என்றாள்.

விழப்போகிறாள் என்று நான் கிட்டப் போனேன். அவள் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள்.

"அனுஜன் இல்லையெண்டு உங்களுக்குத் தெரியும்."

அது கேள்வி இல்லை. எப்படிப் பிடித்தாள் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. முகம் பூசினதை மறைத்தவன் வேறெதையும் மறைத்திருப்பான் என்று நினைத்தாளோ, என் முகத்தில் கண்டாளோ.

"சொல்லுங்கோ. எப்ப தெரியும்?"

"அந்த வருசம் மாசியிலை."

"ஆர் சொன்னது?"

"இரவிச்சந்திரன் எண்டு ஒரு பெடியன். ரொறன்ரோவிலை இருக்கிறான். அவனோடை ஒரே பங்கருக்குள்ளை இருந்தவனாம்."

"எந்த இடத்திலை?"

"முள்ளிவாய்க்கால். கடற்கரைப் பக்கம். மே பதினாலாம் திகதி."

"என்ன சேட் போட்டிருந்தவனாம்?"

சுவாமி "பிள்ளை, இரும், தண்ணி குடியும்" என்றார். அவள் காதில் விழவில்லை.

"நீலம்" என்றேன். "கட்டம் போட்டது."

"காயம் எங்கை?"

"நெஞ்சிலை. உடனை போயிட்டானாம். கஷ்டப்படேல்லையாம்."

"ஆர் மண் போட்டது?"

"ஒருத்தரும் இல்லை. சாரத்தாலை முகத்தை மூடினவனாம். பிறகு ஷெல் விழுந்தது. ஓடிட்டினம்."

அவள் கதிரையில் இருந்தாள். அழவில்லை. அழுவாள் என்று நான் பதின்மூன்று வருடம் பயந்துகொண்டிருந்த ஆள் அழவே இல்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு கிரிஜாவைக் கூப்பிட்டாள்.

"பிள்ளை, இவர் பூசினதைக் கழட்டேலுமோ?"

"முடியும் ஆன்ட்டி. பஞ்சுல கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும், பல மாசம் ஆகும். ஆனா கீழ முழு முகம் இருக்காது. நிறைய போயிடுச்சு. ஒரு கண், நெத்தி, வாயில பாதி. அவ்வளவுதான் மிச்சம்."

"அவ்வளவும் காணும்" என்றாள். "சுவாமி, நீங்கள் மேலிடத்துக்கு எழுதிக் கேளுங்கோ. குழந்தையையும் எடுக்கச் சொல்லுங்கோ."

"குழந்தையும் முன்னூத்தம்பது, நானூறு வருஷப் பழசு ஆன்ட்டி" என்று கிரிஜா மெதுவாகச் சொன்னாள். "அதை எடுக்க விடமாட்டாங்க."

"அப்ப பிள்ளையை மடியிலை வைச்சுக்கொண்டு இருக்கட்டும். முகத்தை மட்டும் எடுங்கோ."

என்னோடு காரில் ஏறவில்லை. சுவாமியின் காரில் போனாள். நான் கார் தரிப்பிடத்தில் கொஞ்ச நேரம் இருந்தேன். எதற்கென்று இல்லை. வீட்டுக்குப் போய் என்ன சொல்வது?

போனபோது அவள் சோறு வைத்திருந்தாள். எனக்குச் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு மேசையில் மூடி வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த நாள் காலை கார்டெரிக்கு வரமாட்டேன் என்று அறிவித்தாள். குளித்து, தலை இழுத்து, என் முன்னால் வந்து இருந்தாள்.

"அந்தப் பெடியன்ரை நம்பரைத் தாங்கோ."

ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். அவள் அதை வாங்கி, மேசையில் கிடந்த என் போனை எடுத்து, அதில் அவன் பெயரைத் தேடி, நான் எழுதிய இலக்கங்களை ஒவ்வொன்றாக விரல் வைத்து ஒத்துப்பார்த்தாள். சரியாக இருந்தது. அப்படியும் இன்னொருமுறை பார்த்தாள். பிறகு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

நான் வெளியே நின்றேன்.

"தம்பி, நான் அனுஜன்ரை அம்மா கதைக்கிறன்... ஓம்... இல்லை, சொன்னவர். நேற்றுச் சொன்னவர்... இல்லைத் தம்பி, நான் அழேல்லை. நீர் அழாதையும். எனக்கு நீர் முதலிலை இருந்து சொல்லவேணும்."

தண்ணீர்க் குழாயை யாரோ மேல்மாடியில் திறந்து மூடினார்கள்.

"முள்ளிவாய்க்கால் எண்டு அவர் சொன்னவர். அதுதானோ?... என்ன திகதி?... ம்... சேட் என்ன நிறம் தம்பி? இல்லை, அவர் ஒரு நிறம் சொன்னவர். நான் சொல்லமாட்டன். நீர் சொல்லும்."

நான் முதல் நாள் சொன்ன அதே ஒழுங்கில் அவனிடம் எல்லாவற்றையும் கேட்டாள். ஒன்றையும் விடவில்லை. கடைசியில், என்னிடம் கேட்காத ஒன்றை இரண்டு தரம் கேட்டாள்.

"காயம் பட்ட பிறகு எவ்வளவு நேரம் இருந்தவன்?... சொல்லும் தம்பி, பயப்பிடாதையும். அவர் உடனை எண்டவர்... எவ்வளவு நேரம்?"